அணிவகுப்பு நிற்கும் இடம்

மைல்ஸ் டேவிஸும் கில் எவன்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்' இசைத்தட்டைக் கொலம்பியா 1960-ல் வெளியிட்டது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'சூழல்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். அது பாராட்டு ஆகாது என்பது என் எண்ணம். அறையில் ஒரு மங்கலான சோகத்தைப் பரப்பிவிட்டு, கேட்கிறவனிடம் எதையும் கோராமல் ஓய்ந்துபோகும் இசையும் சூழலைத் தருவதுதான். இந்தத் தட்டு அதற்கு மேல் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

அடுத்த சொல் 'கலப்பு'. செவ்வியல் இசையும் ஜாஸும் சந்திக்கும் இடத்துக்கு 1957-ல் குந்தர் ஷுல்லர் 'மூன்றாவது நீரோட்டம்' என்று பெயரிட்டார். அந்தப் பெயரில் வந்தவற்றில் பல ஒன்றின்மேல் மற்றொன்றை ஒட்டியவை. ஒட்டிய தடம் காதுக்குத் தெரியும். எவன்ஸ் ஒட்டுவதில்லை, விலக்குகிறார். ஹோவாகின் ரோட்ரிகோ 1939-ல் எழுதிய 'கான்சியெர்ட்டோ தெ அரான்ஹுவேஸ்' கிதாருக்கும் வாத்தியக் குழுவுக்குமானது. அதன் நடுப்பகுதியை எடுத்துக்கொண்ட எவன்ஸ், கிதாரை நீக்கினார். வயலின் கூட்டத்தையும் நீக்கினார். டேவிஸ் தம் பங்குக்கு, ஜாஸில் நாம் எதிர்பார்க்கும் துள்ளலையும் விரல்வேகத்தையும் கைவிட்டார். இருவரும் இழந்ததில் நேர்ந்த சந்திப்பு இது.

கிதார் போனதன் விளைவு பெரிது. மீட்டிய கணத்திலேயே கிதாரின் ஸ்வரம் தேயத் தொடங்கிவிடுகிறது. ரோட்ரிகோ அந்த இடைவெளிகளை நுண்ணிய அலங்காரங்களால் நிரப்புகிறார். மூச்சால் ஊதும் ஸ்வரம் நீளலாம், நடுங்கலாம், பாதியில் தளரலாம். டேவிஸ் அலங்காரத்தைக் குறைத்துத் தளர்ச்சியை வைத்துக்கொள்கிறார். ஆனாலும் பதினாறு நிமிஷம் ஓடும் இந்தப் பகுதியில் எனக்கு ஒரு புகார் உண்டு. ஹார்ப்பும் புல்லாங்குழல்களும் விரிக்கும் அழகு அடிக்கடி தன்னையே ரசித்துக்கொள்கிறது. தட்டைப் புகழ்கிறவர்களில் பலர் இந்தப் பக்கத்தை மட்டும் கேட்டவர்களோ என்று சந்தேகிக்கிறேன்.

தட்டைத் திருப்ப வேண்டும். இரண்டாம் பக்கத்தில் 'சயேட்டா' இருக்கிறது, ஐந்து நிமிஷம்தான். செவில் நகரில் புனித வாரத்தில் சொரூபங்கள் ஊர்வலமாகப் போகும். வழியில் பால்கனியில் நிற்கும் ஒருவர் துணைவாத்தியம் இல்லாமல் பாடத் தொடங்குவார், ஊர்வலம் நிற்கும், பாட்டு முடிந்ததும் நகரும். அந்தப் பாட்டுக்குப் பெயர்தான் சயேட்டா. எவன்ஸ் இதை அப்படியே அமைக்கிறார். முரசுகளும் எக்காளங்களும் அணிவகுத்து வந்து நிற்கின்றன. பாடுகிறவரின் இடத்தில் டேவிஸின் டிரம்பெட். அது ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்குகிறது, பிளக்கிறது, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாதது போல் நின்று மறுபடி தொடங்குகிறது.

இங்கே வாத்தியக் குழு பின்னணித் திரை அல்ல. காத்து நின்று, பிறகு போய்விடுகிற கூட்டம். சூழல் நிகழ்ச்சியாகிவிட்டது. டேவிஸ் ஆண்டலூசியப் பாடகரைப் போலி செய்யவும் இல்லை. கறுப்பு அமெரிக்காவின் ப்ளூஸ் தொண்டையோடுதான் அந்தப் பால்கனியில் நிற்கிறார். ஒரு புலம்பல் இன்னொரு புலம்பலை அடையாளம் கண்டுகொள்கிறது. கலப்பு என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

தொடரும் 'சொலெயா' பன்னிரண்டு நிமிஷம். ஸ்வர மாற்றங்கள் மிகக் குறைவு. 1959-ல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் டேவிஸ் கண்ட வழிதான். பெயரிலேயே தனிமை இருக்கிறது. முரசு விடாமல் நடக்க, டிரம்பெட் ஆறுதலைத் தேடாமல் பேசிக்கொண்டே போகிறது.

கவிதையிலும் மூடுபனி, அந்தி, ஒற்றைப் பறவை என்று படிமங்களை வரிசையாக நிறுத்திவிட்டால் சூழல் வந்துவிடும். அது அணிவகுப்பு மட்டுமே. அதை நிறுத்தும் குரல் உண்டா என்று பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலை.