நீளமும் நிறைவும்: ‘லோர்ட் ஒவ் த ரிங்ஸ்’ விரிவாக்கப் பதிப்புப் பற்றிய கருத்து வேறுபாடுகள்

2003ஆம் ஆண்டு டிசெம்பரில் அரங்குகளுக்கு வந்த ‘த ரிட்டேர்ன் ஒவ் த கிங்’ என்னும் திரைப்படத்திலே சருமான் என்னும் மந்திரவாதி ஒரு காட்சியிலேனும் தோன்றுவதில்லை. முன்னைய இரு படங்களிலும் தீமையின் கண்கூடான முகமாக விளங்கியவன் அவன். ஆற்றலிழந்த அவன் தன் கோபுரத்திலேயே அடைபட்டுக் கிடக்கட்டும் என்னும் பொருள்பட உரைக்கப்படும் ஒரு வார்த்தையோடு மூன்றாம் படம் அவனைக் கைவிட்டுவிடுகின்றது. மறு ஆண்டு டிசெம்பரில் வீட்டிலிருந்து பார்ப்பதற்கென இறுவட்டுகளாக வெளிவந்த விரிவாக்கப் பதிப்பிலோ, அதே சருமான் கோபுரத்து உச்சியில் நின்று வாதாடுகின்றான். தன் ஏவலாளனாலேயே முதுகில் குத்தப்பட்டு விழுந்து மடிகின்றான். நெறியாளர் ஒருவரே; நடிகர் ஒருவரே; தலைப்பும் ஒன்றே. முக்கியமான ஒரு பாத்திரத்தின் முடிவு மாத்திரம் ஒரு வடிவில் உண்டு, மற்றையதில் இல்லை. இவற்றுள் எதனை அப்படம் எனக் கொள்வது என்னும் வினா இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரசிகரிடையேயும் விமர்சகரிடையேயும் தீராது நின்றுவருகின்றது.

ஜே. ஆர். ஆர். டொல்கீன் எழுதி 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த பெருங்கதையை, நியூசிலாந்தைச் சேர்ந்த பீற்றர் ஜக்சன் மூன்று படங்களாக ஆக்கினார். மூன்றுக்குமான பிரதான படப்பிடிப்பு 1999 ஒக்டோபரிலிருந்து 2000 டிசெம்பர் வரை ஒருசேர நடைபெற்றது. 2001, 2002, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டிசெம்பர் தோறும் ஒவ்வொரு படமாக வெளிவந்தன. ஒவ்வொன்றையும் அடுத்து, ஏறத்தாழ ஓராண்டின் பின்னர் அதன் நீண்ட வடிவம் வந்தது. முதற் படத்தோடு 30 நிமிடமும், இரண்டாவதோடு ஏறத்தாழ 43 நிமிடமும், மூன்றாவதோடு ஏறத்தாழ 50 நிமிடமும் சேர்க்கப்பட்டன. அரங்கில் மூன்று மணித்தியாலம் இருபது நிமிடமளவு ஓடிய மூன்றாம் படம் இவ்வகையில் நான்கு மணித்தியாலத்தையும் கடந்துவிட்டது. சேர்க்கப்பட்டவை குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கியெடுத்த துண்டுகள் அல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது. அவற்றுக்கெனக் கணினி வழிக் காட்சிகள் புதிதாக நிறைவாக்கப்பட்டன; ஹவார்ட் ஷோர் புதிய இசையும் அமைத்தார்.

கருத்துகள் பலவாயினும் அவற்றின் வேர்கள் சிலவே. மூலநூலில் ஊறியவர்கள் நீண்ட வடிவையே உண்மையான படம் என்பர். நூலில் உள்ளது கூடுதலாக உள்ள வடிவமே நூலுக்கு நெருக்கமானது என்பது அவர்களது எண்ணம். திரைப்படத்தைத் தனியொரு கலையாக நோக்குவோர், காட்சிகளின் ஓட்டமும் இறுக்கமுமே அக்கலையின் உயிர் என்றும், நீண்ட வடிவம் அவற்றைத் தளரச் செய்கின்றது என்றும் வாதிப்பர். வணிகத்தைச் சுட்டுவோரும் உளர். முதற் படத்தின் அரங்க வடிவம் 2002 ஒகஸ்டில் விற்பனைக்கு வந்து, நீண்ட வடிவம் அதே ஆண்டு நொவெம்பரில் வந்தமையால், ஒரு பொருளை ரசிகன் இருமுறை வாங்க நேர்ந்தது என்பது அவர்களது முறைப்பாடு. அது நியாயமானதே. ஆயினும் ஒரு பொருள் எவ்வாறு விற்கப்பட்டது என்பதைக் கொண்டு அதன் கலைத்தரத்தை நிறுக்க இயலாது. நெறியாளரோ இவர்களுள் எவரும் எதிர்பாராத பக்கத்தில் நிற்கின்றார். அரங்க வடிவங்களையே முடிந்த முடிபானவையாகவும், நீண்டவற்றை மேலும் காண விழையும் ஈடுபாடுடையோருக்கான விருந்தாகவும் தாம் கருதுவதாக அவர் தெரிவித்துள்ளார். ‘நெறியாளரின் வடிவம்’ என்னும் வழக்கமான பெயரை இப்பதிப்புகளுக்கு அவர் இடாமையும் அதனாலேயே போலும்.

பழந்தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தோர் பாடபேதங்களையும் இடைச்செருகல்களையும் ஆராய்ந்தபோது, ஆசிரியரது கை எது, பிறர் கை எது என்பதே அவர்கள்முன் நின்ற வினாவாயிற்று. இங்கு அவ்வினாவுக்கு இடமில்லை. நீக்கியதும் சேர்த்ததும் ஒரே கை. டொல்கீனும் இவ்வாறு செய்தவரே. 1937இல் வெளிவந்த ‘த ஹொபிட்’ நூலின் முதற்பதிப்பில், விடுகதைப் போட்டியிலே தோற்றால் மோதிரத்தைப் பரிசாகக் கொடுத்துவிடக் கொல்லம் மனமிசைந்தவனாக இருந்தான். பின்னெழுந்த பெருங்கதையோடு அது பொருந்தாமையால் ஆசிரியர் அவ்வத்தியாயத்தை மாற்றியெழுதினார். 1951இல் வந்த பதிப்பு முதல் இன்றுவரை பெரும்பாலார் படிப்பது மாற்றப்பட்ட வடிவத்தையே. ஆகவே ஒரு படைப்பு வெளிவந்த பின் ஆசிரியன் அதனைத் தொடலாமா என்பது இங்கு பிரச்சினையன்று. புதிதாகச் சேர்ந்த ஒரு காட்சி தன்னைச் சுற்றியுள்ள பழைய காட்சிகளுக்கு என்ன செய்கின்றது என்பதே கேட்கப்படவேண்டியது.

அவ்வாறு கேட்குமிடத்து, நூலுக்கு நெருக்கம் என்னும் வாதம் மிகவும் ஆட்டங்காண்பது மூன்றாம் படத்திலேயே. கப்பல்களின் கதையை நோக்குக. அரங்க வடிவிலே அரகோர்ன் மலையடி வழியாகச் சென்று, வாக்குத் தவறி மடிந்த பழம்படையினரைச் சந்தித்துத் துணை கேட்கின்றான். விடை என்ன என்பது காட்டப்படாமலே காட்சி வெட்டப்படுகின்றது. பின்னர் பெலனோர்ப் போர்க்களத்தில் எல்லாம் இழந்துவிட்டதாகத் தோன்றும் வேளையிலே பகைவரது கறுப்புக் கப்பல்கள் துறைக்கு வருகின்றன. அவற்றிலிருந்து பகைவர்க்குப் பதிலாக அரகோர்ன் குதிக்கின்றான். விரிவாக்கப் பதிப்போ மண்டையோடுகள் மலைச்சரிவாய்ப் பொழியும் காட்சியொன்றைச் சேர்த்து, இறந்தோரின் அரசன் இசைவதையும் காட்டி, அதன்மேல் அரகோர்ன் கப்பற் கொள்ளையரை வழிமறிப்பதையும் காட்டிவிடுகின்றது. ஜக்சன் தாமே கொள்ளையருள் ஒருவராகத் தோன்றி அம்பு பட்டு விழுவது சிறியதொரு வேடிக்கை. அவ்வேடிக்கைக்குக் கொடுத்த விலையோ பெரிது. கப்பல்கள் வரும்போது பார்ப்பவனிடம் அச்சமும் இல்லை, வியப்பும் இல்லை.

இதில் நூல் நிற்கும் பக்கம் எது? மலையடி வழியைக் கடந்தோர் விரைந்து புறப்படும் இடத்தோடு டொல்கீன் அக்கதையை நிறுத்திவிடுகின்றார். போர்க்களத்திலே கறுப்புப் பாய்கள் தெரிய, எயோமர் மனமொடிந்து இறுதிப் போருக்கு ஆயத்தமாகின்றான். அதன் பின்னரே கொடி விரிகின்றது. கப்பல்கள் கைப்பற்றப்பட்ட வரலாறு போர் முடிந்தபின் லெகொலஸ், கிம்லி ஆகியோர் வாய்மொழியாகப் பின்னோக்கிச் சொல்லப்படுகின்றது. மறைத்து வைத்துப் பின்னர் வெளிப்படுத்துவதே இவ்விடத்தில் நூலின் கட்டமைப்பு. அக்கட்டமைப்பைக் காத்திருப்பது குறுகிய வடிவம். நிகழ்ச்சிகளைக் கூட்டிய நீண்ட வடிவமே அதனை இழந்திருக்கின்றது.

சௌரோனின் தூதுவன் வரும் காட்சி இதனினும் நுட்பமான சான்று. நூலிலே ஃபுரோடோ பகைவர் கையில் அகப்பட்டான் என்பதோடு நான்காம் பகுதி முடிகின்றது. ஐந்தாம் பகுதி முழுவதிலும் அவனைப் பற்றிய செய்தியே இல்லை. அப்பகுதியின் இறுதியிற் கறுப்பு வாயிலின் முன் தூதுவன் ஃபுரோடோவின் வெள்ளிக் கவசத்தை எடுத்துக் காட்டும்போது, கதைமாந்தர் அறிந்த அளவே வாசகனும் அறிந்திருக்கின்றான். அவர்களது திகில் அவனுடைய திகிலும் ஆகின்றது. படமோ ஃபுரோடோவின் கதையையும் போரின் கதையையும் மாறிமாறிப் பின்னிச் செல்வது. சாம் அவனை மீட்டதைப் பார்வையாளன் ஏற்கெனவே கண்டுவிட்டான். ஆகவே அக்கவசம் அவனுக்கு வெறும் பொய்ச்சாட்சி. நூலிலே உயிர்நிலையாக நின்ற காட்சி, சொல் மாறாது இடம்பெயர்க்கப்பட்டாலும் இங்கு உயிரற்றுப்போகும். போதாக்குறைக்குச் சொல்லும் மாறிவிட்டது: தூதுவரைத் தாக்கலாகாது என்னும் முறைமை நூலிலே காக்கப்பட, விரிவாக்கப் பதிப்பில் அரகோர்ன் அவனது தலையைத் துணித்துவிடுகின்றான். அரசனாக முடிசூடப் போகின்றவன் செய்யத்தக்க செயலா இது என ஈடுபாடுடைய ரசிகர்களே மனங்கசந்தமை வியப்புக்குரியதன்று.

கண்டால்வின் கைக்கோலை ஆவியரசன் முறித்துவிடும் காட்சியும் இத்தகையதே. அது நூலில் இல்லாதது என்பது சிறிய குற்றம். அதே படத்தின் முற்பகுதியில் அக்கோலின் ஒளியே ஆவியரசனது கூட்டத்தாரை விரட்டியமை காட்டப்பட்டிருக்க, எவ்விதக் காரணமும் இன்றி அது பின்னர் தூளாகின்றது என்பதே பெரிய குற்றம். பகைவனின் வலிமையை உயர்த்தினாலன்றோ அவனை வீழ்த்தும் எயோவினின் வெற்றி உயரும் எனச் சமாதானம் கூறலாம். எயோவினின் வெற்றிக்கு அத்தகைய முட்டுக்கொடுப்பு வேண்டியதில்லை.

நிற்க. இவற்றைக் கொண்டு குறுகிய வடிவமே எங்கும் சிறந்தது என முடிவுகட்டுவாரை இரண்டாம் படம் மறுக்கின்றது. அரங்க வடிவில் ஃபரமிர் ஏன் மோதிரத்தைக் கவர்ந்து தந்தையிடம் கொண்டுசெல்ல முனைகின்றான் என்பது தெளிவாவதில்லை. நூலில் அதனை வழியிற் கிடக்கக் கண்டாலும் எடுக்கமாட்டாத பெருந்தகையாக அவனை அறிந்தோர் சினந்தனர். விரிவாக்கப் பதிப்பு பின்னோக்கு உத்தியாக ஒரு காட்சியைச் சேர்க்கின்றது. மீட்கப்பட்ட நகரிலே தமையன் பொரொமிர் கொடியேற்றுகின்றான். சகோதரர் இருவரும் மகிழ்ந்து குடிக்கின்றனர். தந்தை டெனத்தோர் வருகின்றான். மூத்தவனைத் தழுவி இளையவனை இழித்துரைக்கின்றான். பின்னர், மோதிரத்தைத் தன்னிடம் கொணருமாறு போக விரும்பாத மூத்தவனையே அனுப்புகின்றான். சில நிமிடங்களே நீளும் இக்காட்சியில் ஷோன் பீன், டேவிட் வென்ஹம், ஜோன் நோபிள் ஆகிய மூவரின் நடிப்பும் ஒரு குடும்பத்தின் அழிவுக்கான வித்தைக் காட்டிவிடுகின்றது. ஃபரமிரின் செயலுக்குக் காரணம் கிடைக்கின்றது. முதற் படத்திற் பொரொமிர் தடுமாறி வீழ்ந்தமை பின்னோக்கிப் பொருள் பெறுகின்றது. மூன்றாம் படத்தில் டெனத்தோரின் கொடுமை திடீரெனத் தோன்றியதாக இல்லாமற் போகின்றது. ஒரு காட்சி மூன்று படங்களையும் தொட்டு நிற்கின்றது. தந்தை மோதிரத்தை வேண்டி மகனை அனுப்பியதாக டொல்கீன் எழுதவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். நூலில் இல்லாத காட்சி படத்தைக் காக்கின்றது. நூலில் உள்ள காட்சி படத்தைக் கெடுக்கின்றது. நூலுக்கு நெருக்கம் என்னும் அளவுகோல் இரண்டு இடத்திலும் பயன்படவில்லை.

முதற் படத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிரியும் வேளையில் கலாத்ரியல் அனைவருக்கும் பரிசளிக்கும் காட்சி போன்றவை அமைதியானவை, எதனையும் உடைப்பதில்லை, பின்வரும் படங்களிற் பயன்படும் சில பொருள்களின் வரலாற்றையும் கூறிவிடுகின்றன. மூன்றனுள்ளும் நீண்ட வடிவம் ஐயமின்றி ஏற்கத்தக்கது இதுவே.

சருமானின் மரணத்துக்கு மீள்வோமாயின், அக்காட்சி இரண்டாம் படத்துக்கென எடுக்கப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பெரும்போர் முடிந்தபின் அது தொய்வாகத் தோன்றியமையால் மூன்றாம் படத்தின் தொடக்கத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே முன்னைய படத்தின் வாலாகத் தெரிந்தமையால் முற்றாக நீக்கப்பட்டது. கிறிஸ்தோபர் லீ இதனால் மனம்வருந்தியமை யாவரும் அறிந்தது. நெறியாளரின் காரணம் தவறானதன்று; மீட்கப்பட்ட காட்சி உண்மையிலேயே கதையின் புறப்பாட்டைத் தாமதப்படுத்துகின்றது. ஆயினும் அரங்க வடிவில் மந்திரக்கல் எவ்வாறு தண்ணீருக்குள் வந்து கிடந்தது என்பதற்கு விடையில்லை. நீண்ட வடிவில் அது விழுந்த சருமானின் ஆடையிலிருந்து நழுவுவதைக் காண்கின்றோம். இரு படங்களிலே வளர்த்த பகைவனுக்கு ஒரு முடிவு தருவது கதைசொல்லி பட்ட கடன். வேகத்துக்காக அக்கடனைத் தள்ளுபடி செய்வது நேர்மையாகாது. தாமதம் பொறுக்கத்தக்கது.

படத்தொகுப்புக்கான விருது உட்படப் பதினொரு ஒஸ்கார் விருதுகளை 2004 பெப்ரவரியில் மூன்றாம் படம் பெற்றபோது, இக்காட்சிகள் எதுவும் அதில் இல்லை. விருது பெற்ற படம் ஒன்று. வீடுகளிலே ஆண்டுதோறும் பலர் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் பெரும்பாலும் மற்றொன்று. வீட்டிற் பார்ப்பவன் நூலை மூடிவைப்பதுபோலப் படத்தை நிறுத்திவைக்கலாம். முதற் படத்தின் முதல் இறுவட்டு, பயணக் குழு அமைந்த ஆலோசனைச் சபையோடு முடிவது ஓர் அத்தியாயம் முடிவதைப் போன்றதே. படம் அடங்கிய தட்டுகளோடு வரும் இரு விளக்கத் தட்டுகளுக்குப் ‘பின்னிணைப்புகள்’ என நூலினது பெயரையே இட்டிருக்கின்றனர். படத்தை வாசிக்கும் இத்தகையோனுக்குத் தளர்ச்சி என்பது பெருங்குறையன்று. அரங்கின் இருளில் எழ வழியின்றி அமர்ந்திருப்பவனுக்கு அது குறையே.

ஆனால் இவ்வெல்லைக்கோடும் நெடுங்காலம் நிற்கவில்லை. 2003 டிசெம்பர் 16ஆந் திகதி, மூன்றாம் படத்தை வரவேற்குமுகமாக முதலிரு படங்களின் நீண்ட வடிவங்கள் தேர்ந்தெடுத்த அரங்குகளிலே தொடர்ச்சியாகக் காட்டப்பட்டன. 2024 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவில் மூன்றுமே நீண்ட வடிவில் அரங்கேறின. வீட்டுக்கெனச் செய்யப்பட்டதை அரங்கிலே பார்த்த அவ்விரசிகர்கள், கறுப்புக் கப்பல்கள் துறையை நெருங்கியபோது, உள்ளே இருப்பவர் யாரென முன்னரே அறிந்தவர்களாக அமர்ந்திருந்தனர்.