தெரியும் கசிவும் தெரியாத கசிவும்

ஐப்பசி நெருங்கினாலே எங்கள் தெரு ஹார்டுவேர் கடையில் கூட்டம் கூடிவிடும். எம்-சீல், டெஃப்லான் டேப், நீர்க்கசிவைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு, ஒரு கிலோ சிமெண்ட் பொட்டலம் என்று ஆளுக்கொன்றாக வாங்கிப் போவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் வீட்டை ஒரு சுற்று சரிபார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். கொத்தனாரும் பிளம்பரும் சின்ன வேலைக்கு வருவதில்லை. வந்து பார்த்துவிட்டு 'நாளைக்கு வர்றேன்' என்று போகிறவர் அடுத்த வாரம்தான் தலைகாட்டுவார். நம் வீட்டு வேலையை நாமே பார்த்துக்கொள்வது நகரங்களில் இப்படித்தான் பழக்கமாகியிருக்கிறது.

இதைச் சிக்கனம் என்று மெச்சுகிறவர்கள் உண்டு. 'தெரியாத வேலையில் கை வைக்காதே' என்று அதட்டுகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் வேலை சுலபமா கஷ்டமா என்பதை வைத்தே பேசுகிறார்கள். எனக்கு அந்த அளவுகோல் போதவில்லை. செய்த வேலையில் தப்பு இருந்தால் அது எப்போது தெரியவரும், அதன் பலன் யார் தலையில் விடியும் என்று கேட்டால்தான் எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்பது பிடிபடுகிறது.

குழாய் வாஷரைப் பார்ப்போம். பழைய பித்தளைத் திருகு குழாய் இறுக மூடியும் சொட்டுகிறது என்றால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். கேட் வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, ஸ்பேனரால் குழாயின் தலையைக் கழற்றினால் தண்டின் நுனியில் அது உட்கார்ந்திருக்கும். போர் தண்ணீர் வரும் வீடென்றால் அதைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். ரப்பரின் நடுவே வளையமாக ஒரு பள்ளம் விழுந்து, ஓரத்தில் ஓரிடம் பிய்ந்திருக்கும். சொட்டு அந்த வழியாகத்தான். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி அதே அளவில் வாங்கினால் சில ரூபாயோடு காரியம் முடிந்தது. கால் திருகில் மூடும் புதுக் குழாய்களில் வாஷர் கிடையாது. பீங்கான் தகடுகள் உள்ள கார்ட்ரிட்ஜை முழுசாக மாற்ற வேண்டும். அதுவும் வீட்டிலேயே முடிகிற வேலைதான். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்கு 86,400 சொட்டு. லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அது சின்ன விஷயமில்லை. இங்கே நான் கவனிப்பது வேறொன்று. வால்வைத் திறந்த மறுநிமிடமே வேலை சரியா தப்பா என்று தெரிந்துவிடுகிறது. தப்பென்றால் மறுபடி கழற்றலாம். போனால் ஒரு வாஷரும் அரைமணி நேரமும் போகும்.

திடீரென்று நின்றுபோன மிக்சியும் இந்த ரகம்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், பல மாடல்களில் ஒரு சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளியிருக்கும். ஜாரில் சுமை மிஞ்சும்போது மோட்டார் கருகாமலிருக்க அது மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. பாதியை எடுத்துவிட்டு, மோட்டார் ஆறியதும் அதை அமுக்கினால் பழையபடி ஓடும். இது தெரியாமல் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப்போகும் மிக்சிகள் எத்தனையோ. மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனில் பெரும்பாலும் கண்டென்சர்தான் பலவீனமாகியிருக்கும். 2.5 மைக்ரோஃபாரட் என்பதுபோல் அளவை அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதே அளவில் போட்டால் போதும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பழைய வீடுகளில் சுவிட்சை ஃபேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்துவைத்திருப்பது உண்டு. அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஃபேனில் மின்சாரம் இருக்கும். மெயினையே இறக்கிவிட்டுத்தான் ஏணியில் ஏற வேண்டும்.

இந்த மாதிரி வேலைகளில் மிச்சமாகும் காசைவிடப் பெரிய லாபம், வீட்டைப் பற்றிய அறிவு. எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கும், எந்த எம்.சி.பி.யை இறக்கினால் எந்த அறை இருளும் என்பது வாஷர் மாற்றியவருக்குத் தெரியும். நடுராத்திரியில் பைப் உடைந்து கூடம் நிறையும்போது அந்த அறிவுதான் கைகொடுக்கும். இதைச் சொல்லும்போதே ஒரு வருத்தமும் வருகிறது. பழைய ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுத்த இடத்தில் இன்றைய பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது வாட் அளவில் சுற்றுகிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் உள்ளே உள்ள சர்க்யூட் போர்டு போய்விட்டால் வீட்டுக்காரர் மட்டுமல்ல, தெருமுனை மெக்கானிக்கும் கையை விரிக்கிறார். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. உதிரி பாகம் தெருக் கடை வரை வந்து சேர்ந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள்.

மொட்டைமாடி விஷயத்துக்கு வந்தால் கதை தலைகீழ். தமிழ்நாட்டுக் கான்கிரீட் வீடுகள் பலவற்றில் மாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு அடுக்கு போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். தட்டோட்டு இணைப்பில் விரிசல் விட்டால் மழைநீர் இந்த ஜல்லி அடுக்குக்குள் இறங்கும். அந்த அடுக்கு தண்ணீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் கான்கிரீட்டின் சரிவு பார்த்து நகர்ந்து, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே கீழே இறங்கும். ஃபேன் கொக்கியின் ஓட்டை வழியாகவோ, ஒயர் போகும் பைப் வழியாகவோ சொட்டுவது அதனால்தான். படுக்கையறையில் கறை தெரிகிறது என்று அதற்கு நேர்மேலே மாடியில் பூச்சு அடிப்பவர், கசிவின் வாசலை விட்டுவிட்டு அது வெளியேறும் இடத்துக்கு வைத்தியம் பார்க்கிறார்.

அதைவிடத் தப்பான வேலை, உள்பக்கம் மேற்கூரையிலேயே நீர்த்தடுப்புப் பெயிண்ட் அடிப்பது. கறை மறைந்துவிடும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மேலிருந்து வரும் தண்ணீர் வரத்தான் செய்யும். வெளியேற வழியில்லாமல் அது கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கி, கம்பியைத் துருவேற்றும். துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ளும் அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்துச் சில்லு சில்லாகப் பெயரும். உப்புக்காற்று அடிக்கும் கடலோர வீடுகளில் இது இன்னும் வேகமாக நடக்கும். பெயர்ந்த இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பி, தேய்த்து, வெள்ளையடித்துவிட்டால் பார்வைக்குப் புதிதாக இருக்கும். உள்ளே துரு தன் வேலையை நிறுத்தாது. கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குக் காப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென உள்ள கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதியாக மெலிந்திருந்தால் அதைத் தாண்டிய வேலையும் இருக்கிறது. இது பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியது. அப்பிய சிமெண்டுக் கட்டி ஒருநாள் மொத்தமாக விழும்போது, கீழே படுத்திருப்பவர் அப்பியவராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது. யூடியூபில் 'பத்தே நிமிடத்தில் ஒழுகல் நின்றது' என்று காட்டுகிற காணொளிகளில் எனக்குள்ள குறை இதுதான். பூச்சு காய்ந்ததும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து அதே மாடிக்கு ஏறிக் காட்டுபவரைக் காண்பது அரிது.

மின்சாரத்தில் தப்பு இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று கேரியரில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் அதன்பிறகு ஃபியூஸ் போகாது. விளக்கு எரியும், மோட்டார் ஓடும். சுமை மிஞ்சும் நாளில் சூடாவது சுவருக்குள் இருக்கும் ஒயர். கீசரின் மூன்று முள் பிளக்கில் எர்த் ஒயரை விட்டுவிட்டு மாட்டினாலும் வெந்நீர் வரும். வேலை கச்சிதமாக முடிந்ததாகவே தோன்றும். உள்ளே இருக்கும் எலிமெண்ட் வெடிப்பு விடும் வரை குறையே தெரியாது. குக்கரின் சேஃப்டி வால்வும் அப்படித்தான். வெயிட்டுக்கு அடியிலுள்ள துளை அடைத்து அழுத்தம் எல்லை மீறும்போது உருகி ஆவியை வெளியே விடத்தான் அதில் குறைந்த சூட்டில் உருகும் உலோகம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை வேறெதையாவது வைத்து அடைத்தாலும் சோறு வேகும்.

அதனால் கற்க வேண்டியதில் முக்கியமானது சோதிக்கும் வழி என்பேன். கேஸ் அடுப்பின் ரப்பர் டியூபை மாற்றியதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்க்கலாம். குமிழ் வந்தால் கசிவு. மின்கசிவைக் கண்டால் இணைப்பை வெட்டும் ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும், இல்லையென்றால் அந்தக் கருவி வெறும் அலங்காரம். பொத்தான் சோதிப்பது கருவியை மட்டும்தான். எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும். குளியலறைத் தரைக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தால், டைல் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிவைத்து, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டும். செய்த வேலையைச் சோதிக்க வழி தெரியாதவர் அந்த வேலையைத் தொடாமலிருப்பது நல்லது.

சுத்தம் செய்யும் வேலையை யாரும் ரிப்பேர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்பேனர் பிடிப்பது ஆண்கள் வேலை, ஆசிட் பிடிப்பது பெண்கள் வேலை என்று பல வீடுகளில் எழுதாத சட்டம் இருக்கிறது. மெயின் சுவிட்ச் எங்கே என்று மகளுக்குக் காட்டாத வீட்டில், அதே மகள் கையில் ஆசிட் பாட்டிலைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டில் ஆசிட்தான் அதிக எச்சரிக்கை கேட்பது. டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது ஊறும்போதே 'இன்னும் வெளுக்கட்டும்' என்று பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் நெஞ்சடைத்து மயங்க அது போதும். இன்னொரு கெடுதல் மெதுவாக நடக்கிறது. டைல்களுக்கு நடுவே நிரப்பிய சிமெண்டை ஆசிட் அரிக்கிறது. பளபளவென்று தரை மின்னும். இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கி, கீழ்வீட்டுச் சுவரில் ஓதமாக வெளிப்படும். குழாய்மேல் படிந்த உப்புக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டாலே கரையும்.

பொங்கலுக்கு முன் பழைய கதவையும் ஜன்னல் கம்பியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பலருக்குப் பிடித்த வேலை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறதோ, அவ்வளவும் தேய்க்கும்போது தூசாகும். தரையில் தவழும் குழந்தையின் விரல் வழியாக அது வாய்க்குப் போனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் வழித்தெடுத்து, அதுவரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடாமலிருக்க வேண்டும்.

ஒரு வேலையில் நாமா, ஆளா என்ற கேள்விக்கே இடமில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரும் இறங்கக்கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமாக இருந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் ஏறி வருவதில்லை, தூக்கப் போனவரும் விழுகிறார். கையால் மலம் அள்ளும் வேலையில் ஆளை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நம் கை அழுக்காகக்கூடாது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட சாதியாரையே இறக்கிய வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. லாரியும் குழாயும் வைத்து உறிஞ்சி எடுக்க முடியாத தொட்டியென்றால், தொட்டியைத்தான் மாற்றிக் கட்ட வேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்ச் சம்புக்குள் தனியாக இறங்குவதும் ஆபத்துதான். அங்கே பிராணவாயு குறைந்திருக்கும்.

காசு கொடுத்து ஆள் வைத்தால் தப்பே நடக்காது என்று நான் வாதாடவில்லை. எர்த் இல்லாமல் கீசர் மாட்டுகிறவர்களில் தொழில்முறை ஆட்களும் உண்டு. ஆனால் தானே இரண்டு குழாய் கழற்றியவருக்கு அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரியும்: மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வார், சுவரைப் பூசி மூடும் முன் பைப் போகும் தடத்தைப் போட்டோ எடுத்துக்கொள்வார். புது அடுக்குமாடி வாங்கியவர்களுக்கு இது மிகவும் அவசியம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும், சுட்டிக்காட்டிய 30 நாளுக்குள் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். முதல் மழையில் சுவரில் ஓதம் கண்டதும் அவசரப்பட்டு நாமே பூச்சடித்து மூடினால், குறையைக் காட்ட நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது. முதலில் தேதியோடு படம் எடுத்து, கட்டியவருக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். வெள்ளைப் பூச்சு டப்பாவை அதுவரை திறக்க வேண்டாம்.