மாங்கனி வீதியும் பள்ளி மதிலும்

ஆனிப் பௌர்ணமியன்று காரைக்காலில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் மாம்பழங்கள் பறக்கும். கீழே நிற்பவர்கள் துண்டை விரித்தும் முந்தானையை ஏந்தியும் பிடிப்பார்கள். கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனியைப் பசியோடு வந்த அடியாருக்குப் படைத்த புனிதவதியின் கதையை ஊரே சேர்ந்து நடிக்கும் நாள் அது. அன்று சிறுவர்களுக்கு யாரும் ஒத்திகை வைப்பதில்லை. எந்தத் திருப்பத்தில் நின்றால் பழம் கிடைக்கும், எவர் வீட்டு மாடியிலிருந்து நிறைய விழும் என்பதெல்லாம் போன வருடமே அவர்களுக்குத் தெரியும். இந்த வருடம் தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அதே ஊரில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பள்ளியின் மதிலில் சில ஆண்டுகளுக்கு முன் ஓவியம் வரைந்தார்கள். 'மாணவர்கள் முன்னின்று நடத்தும் சமூகக் கலைத் திட்டம்' என்று பேனர் கட்டியிருந்தது. நான் போனபோது கோடுகள் ஏற்கெனவே விழுந்திருந்தன. போர்டு எழுதும் ஓவியர் ஒருவரை முந்தைய நாளே வரவழைத்து, மரம், பூமி உருண்டை, கைகோத்த குழந்தைகள் எல்லாவற்றையும் போட்டு முடித்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு மிச்சமிருந்தது கோட்டைத் தாண்டாமல் வண்ணம் நிரப்பும் வேலை. ஒரு பெண், எட்டாம் வகுப்பு இருக்கும், மரத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் ஃபைபர் படகை வரையட்டுமா என்று கேட்டாள். "சார் குடுத்த டிசைன்ல அது இல்லையேம்மா" என்றார் அருகிலிருந்த ஆசிரியை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு விருந்தினர் வருகிறார். அதற்குள் சுவர் காய வேண்டும்.

அந்த மதிலடியில் மாணவர்கள் இருந்தார்கள். கலை என்று சொல்லத்தக்க ஒன்றும் இருந்தது. சமூகம் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது. தலைமை யாரிடம் இருந்தது என்பதைத்தான் நாம் கேட்டாக வேண்டும்.

காரைக்காலில் இதைக் கேட்க இப்போது தனிக் காரணம் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. அந்த வாரியம் ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை கலை ஒருங்கிணைந்த செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஒன்றாவது, 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' ஏற்பாட்டில் ஜோடி சேர்க்கப்பட்ட மாநிலத்தின் கலையைத் தொட வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஜம்மு காஷ்மீர் ஜோடி. புதுச்சேரிக்கு டாமன் – டையூ. ஆகவே காரைக்கால் பிள்ளை பிரவுசிங் சென்டரில் டாமன் – டையூ நடனத்தின் படத்தைக் கலர் பிரிண்ட் எடுத்துச் சார்ட்டில் ஒட்டுகிறது.

இதில் எள்ளி நகையாட ஒன்றுமில்லை. யோசித்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த கடலோரத் துண்டு காரைக்கால். 1954 நவம்பர் 1 அன்று பேச்சுவார்த்தை வழியே இந்தியாவின் கைக்கு வந்தது. போர்த்துக்கீசியர்களிடமிருந்த டாமனும் டையூவும் 1961-இல் ராணுவ நடவடிக்கையால் வந்தன. சுற்றிலும் வேறு மாநிலம், எதிரே கடல், வீட்டில் ஒரு ஐரோப்பிய மொழியின் மிச்சம்: இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள எத்தனை கேள்விகள் இருக்கின்றன! ஆனால் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. சார்ட்டுக்கு உண்டு. அந்தச் செயல்திட்டத்தில் கலை என்பது அறிவியலையோ கணக்கையோ சுமந்து வரும் வண்டி மட்டுமே. வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஓட்டுகிற பிள்ளையைக் கேட்பதில்லை.

இன்னொரு வழி போட்டி. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய கலா உத்சவ் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது. வாஞ்சூரிலும் நண்டலாற்றிலும் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். சிலருக்கு வெளிநாட்டுப் பயணம். இவற்றின் நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பறையையும் ஒயிலாட்டத்தையும் 'கோயில் கொடை சமாச்சாரம்' என்று ஒதுக்கிய பள்ளி மேடைகள் இன்று அவற்றுக்கு ஒலிபெருக்கி வைக்கின்றன. வீட்டில் கற்ற கலைக்குப் பள்ளியில் கைத்தட்டல் கிடைப்பது ஒரு பிள்ளையின் முதுகெலும்பையே நிமிர்த்தும். ஆனால் போட்டி தேடுவது வெற்றியாளரை. தெருவைக் கேட்டு, தெருவுக்குப் பதில் சொல்லி ஒரு காரியத்தை நடத்தும் திறமையை எந்த நடுவரும் ஐந்து நிமிடத்தில் அளந்துவிட முடியாது. அதனால் போட்டி தன் வேலையைச் செய்யட்டும். அதற்குத் 'தலைமை' என்று பெயர் சூட்ட வேண்டாம்.

குழந்தைகளின் பங்கேற்பை எடைபோட ரோஜர் ஹார்ட் 1992-இல் யூனிசெஃபுக்காக எழுதிய நூலில் எட்டுப் படி ஏணி ஒன்றை வைத்தார். ஏவி நடத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே ஆகாது என்றார். அலங்காரத்துக்கு அவர் தரும் உதாரணம்: எதற்கென்றே தெரியாத ஒரு விழாவில், கொடுத்த டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு ஆடும் குழந்தைகள். நம் ஊர் விழிப்புணர்வுப் பேரணிகளை நினைத்தால் அந்த டி-சர்ட்டின் நிறம்கூடக் கண்ணில் தெரிகிறது. ஏணியின் உச்சியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏழாம் படியில் பிள்ளைகளே தொடங்கிப் பிள்ளைகளே நடத்துகிறார்கள். அதற்கும் மேலான எட்டாம் படியில், பிள்ளைகள் தொடங்கிய காரியத்தில் பெரியவர்களும் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். ஆசிரியர் அறையை விட்டு வெளியேறிவிட்டால் தலைமை தானாக வந்துவிடும் என்று ஹார்ட் சொல்லவில்லை.

பெரியவர்கள் நடத்துவதே குற்றம் என்றும் ஆகாது. புதுச்சேரியின் வேலு சரவணன் 'ஆழி' குழுவோடு குழந்தைகளுக்கு நாடகம் போடுகிறார்; அவருடைய 'கடல் பூதம்' பார்த்த பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அது பெரியவர்கள் குழந்தைகளுக்காகப் போடும் நாடகம். வேறு வேஷம் கட்டுவதில்லை. குற்றம், பெரியவர் வகுத்ததைப் பிள்ளையின் பெயரில் பதிவு செய்வதில் இருக்கிறது.

ஆகவே மூன்றே கேள்விகள் போதும். எதைச் செய்வது என்று யார் தீர்மானித்தார்கள்? பணக்கணக்கு யார் கையில்? சரியாக வராவிட்டால் ஊருக்கு யார் பதில் சொல்வார்கள்? நான் பார்த்த மதில் மூன்றிலும் தோற்றது. கருப்பொருள் சுற்றறிக்கையில் வந்தது. பெயின்ட் டப்பா வாங்கிய பில்லைப் பிள்ளைகள் கண்ணாலும் பார்க்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய அவசியமே எழவில்லை. ஏனென்றால் ஊரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தலைமையைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு வரும் வலுவான மறுப்பு: "பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? விட்டால் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள்." இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தொழில் தெரியாதவர் கையில் கொடுத்த தலைமை வெறும் பேட்ஜ். தமிழ் நாடக வரலாறே இதற்குச் சாட்சி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களே நடித்த அந்தக் கம்பெனியில் வாத்தியார் சொல்லே சட்டம். கண்டிப்பும் அடியும் அந்தக் கால பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையின் பகுதி. அதை முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே தொழில் பழகிய டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் தங்கள் சொந்த பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கியபோது டி.கே. சண்முகத்துக்கு வயது பதின்மூன்றுகூட நிறையவில்லை. ஏழாண்டுப் பயிற்சிதான் அந்தத் துணிச்சலுக்குக் கால் கொடுத்தது.

அடியும் கண்டிப்பும் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை ஒரு பதிலாக இருந்தது. பள்ளிப் படிப்பும் கூத்துப் பயிற்சியும் ஒரே வளாகத்தில். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். அங்கே எந்தப் பிள்ளையையும் முதல் நாளே 'நீதான் தலைவர்' என்று மேடையேற்றவில்லை. அடவும் பாட்டும் உடம்பில் ஏறிய பிறகு வந்த தைரியம் வேறு தரம். இதைப் பதினெட்டு ஆண்டுகளோடு நிறுத்த வேண்டி வந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல மாதிரி என்பதாலேயே ஒன்று நீடித்துவிடுவதில்லை.

இரண்டாவது மறுப்பு என் பக்கத்து ஆட்களை நோக்கியது. 'மாணவர் தலைமை' என்கிறோமே, எந்த மாணவர்? கையைத் தூக்கச் சொன்னால் முதலில் எழுவது வகுப்புத் தலைவனின் கை, நன்றாக ஆங்கிலம் பேசுபவளின் கை. அதிகாலையில் மீன் ஏலத்துக்கு அம்மாவோடு கூடை சுமந்துவிட்டு வரும் பெண் கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறாள். ஆசிரியர் விலகிக்கொண்டால் அந்த இடத்தில் ஜனநாயகம் வந்து உட்காராது. ஊரில் ஏற்கெனவே இருக்கிற ஏற்றத்தாழ்வு வந்து உட்காரும்.

தெருவை நான் உயர்த்திச் சொன்னதற்கும் இதே கத்தி பாயும். மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வரும்போது பட்டினச்சேரி மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்று அழைத்து வரவேற்கிறார்கள். கடவுளையே உறவுமுறை வைத்துக் கூப்பிடும் அந்த உரிமைக்கு ஈடான சமூகக் கலை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனால் யார் தோள் கொடுப்பது, யாருக்கு முதல் மரியாதை, பெண்கள் எங்கே நிற்பது என்பதெல்லாம் அங்கே எப்போதோ முடிவானவை. தெரு பிள்ளைக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும். மாற்றிக் கேட்கும் உரிமையைத் தராது. அதைப் பள்ளியால் தர முடியும். தெருவிடமும் பள்ளியிடமும் தனித்தனியே இருப்பது பாதிதான்.

மூன்றாவது மறுப்பு நேரம் பற்றியது. பொதுத்தேர்வு நெருக்குகிறது, ஆசிரியருக்குக் கற்பிப்பதைவிடப் பதிவேற்றம் செய்யும் வேலை அதிகம். உண்மைதான். ஆனால் பேரணிக்கும் விழா ஒத்திகைக்கும் போகும் வகுப்புகளைக் கூட்டிப் பார்த்தால் நேரம் இல்லாமல் இல்லை, சிதறிக் கிடக்கிறது என்று தெரியும். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பையில்லாப் பத்து நாட்களைப் பரிந்துரைக்கிறது. அந்தப் பத்து நாட்களையும் ஒரே காரியத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாமே.

கருப்பொருளுக்கு ஊரில் பஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் சுனாமிக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் காரைக்கால்காரர்கள். அந்த நாட்களில் நிவாரண முகாம்களில் குழந்தைகள் கையில் கிரேயானைக் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். ஆற்றுப்படுத்தும் நோக்கில் அது சரிதான். ஆனால் கடலோரக் குழந்தைகளின் ஓவியங்கள் கண்காட்சிகளுக்கும் அறிக்கைகளுக்கும் போனபோது வரைந்த கைகளை யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. இன்று காரைக்காலில் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைகூட அந்த அலையைப் பார்த்ததில்லை. வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தைத்தான் பார்த்திருக்கிறது. கிளிஞ்சல்மேட்டிலோ காரைக்கால்மேட்டிலோ ஒரு வகுப்பு பாட்டிகளிடம் உட்கார்ந்து கேட்டு, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவர்களோடு பேசி முடிவு செய்து, ஒரு நாடகமோ பாட்டோ சுவரோ ஆக்கினால் அது சமூகக் கலை. "இதைப் போடாதீங்க கண்ணு" என்று ஒரு பாட்டி சொல்லி, பிள்ளைகள் அந்தக் காட்சியை நீக்கினால், அந்த நீக்கல்தான் தலைமைக்கு முதல் பாடம்.

என் தீர்ப்பு இது. இப்போது நடப்பவற்றில் பெரும்பகுதி மாணவர் தலைமையும் இல்லை, சமூகக் கலையும் இல்லை; நல்ல மனதோடு செய்யப்படும் அலங்காரம். அதற்காகத் திட்டத்தையே கைவிடுவது தவறு, ஏனென்றால் தொழிலும் உரிமையும் ஒரே பிள்ளையின் கையில் சேரக்கூடிய இடம் பள்ளி ஒன்றுதான். ஆனால் வரிசை மாற வேண்டும். முதலில் தொழில்: காவிரிப் படுகையில் குறைவில்லாத நாகஸ்வர, தவில் கலைஞர்களையும், படகுக்குப் பெயின்ட் அடிப்பவரையும், சப்பரம் ஜோடிப்பவரையும், மஸ்தான் சாகிபு கந்தூரிக்குப் பல்லக்கு அலங்கரிப்பவரையும் கூலி கொடுத்து ஒரு பருவம் முழுக்கப் பள்ளிக்கு அழையுங்கள். அடுத்து உரிமை: தொகை சிறியதாக இருக்கட்டும், கணக்குநோட்டு மாணவர்களிடம் இருக்கட்டும், பொறுப்பு சுழற்சி முறையில் கடைசி பெஞ்சுக்கும் போகட்டும். ஆசிரியர் கூடவே இருந்து, பேசாத பிள்ளையைப் பேசவைக்கும் ஒரே வேலையைப் பார்க்கட்டும். கடைசியில் ஊர்: திறந்துவைக்க விருந்தினர் வேண்டாம், பார்த்துக் குறை சொல்லத் தெருக்காரர்கள் வரட்டும். மதிப்பெண் அறவே வேண்டாம்.

இதற்குப் புதுச்சேரியிலிருந்து 130 கிலோமீட்டர் தாண்டி வரும் சுற்றறிக்கைக்குக் காத்திருக்க அவசியமில்லை. ஒரு தலைமையாசிரியர் மனம் வைத்தால் போதும். அடுத்த முறை மதிலுக்கு வெள்ளையடித்த பிறகு, யாரும் கோடு போடுவதற்கு முன்னால், அந்தச் சுவரைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். படகு வரட்டும்.