கண்டுபிடித்த நஞ்சும் தடுத்த நஞ்சும்

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். நான்கே நாளில் தடய அறிவியல் ஆய்வகம் காரணத்தைச் சொல்லிவிட்டது. சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. கீழ் நீதிமன்றம் 2016-இல் தலைமையாசிரியைக்குத் தண்டனை விதித்தது. நஞ்சு அகப்பட்டது, வழக்கும் நடந்தது. அப்படியானால் நச்சியல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று சொல்லலாமா?

முதலில் அதற்குரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். பள்ளிச் சாப்பாட்டில் பிள்ளைகள் மயங்கி விழுந்தால், பல்லி விழுந்திருக்கும், பருப்பு கெட்டிருக்கும், எவனோ விஷம் வைத்திருப்பான் என்று நூறு பேச்சு கிளம்பும். நஞ்சின் பெயரை ஆய்வகம் உறுதியாகச் சொன்ன பிறகு அந்தப் பேச்சுகளுக்கு இடமில்லை. இந்த உறுதி எளிதில் வந்ததல்ல. 1833-இல் இங்கிலாந்தில் தாத்தாவின் காபியில் ஆர்சனிக் கலந்ததாக ஜான் போடில் என்பவர் மீது வழக்கு நடந்தது. வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் ஆர்சனிக்கைக் கண்டுபிடித்தார். ஆனால் சான்றாகக் கிடைத்த மஞ்சள் படிவு ஜூரிகளின் கண்ணுக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுப்போனது, போடில் விடுதலையானார். அந்த ஏமாற்றத்தில்தான் 1836-இல் மார்ஷ் தன் புதிய சோதனையை வெளியிட்டார். சென்னையில் 1849-இலேயே ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் தொடங்கியது. ஆக, தடய நச்சியல் நீதிமன்றத்தின் தேவைக்காக வளர்ந்த கலை. அதன் பலமும் குறையும் அங்கிருந்தே வருகின்றன.

குறை என்ன? நஞ்சுக் கொலை வழக்கில் அரசுத் தரப்பு நான்கு விஷயங்களை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் கூறியது. தெளிவான நோக்கம் இருந்தது, கொடுக்கப்பட்டதாகச் சொல்லும் நஞ்சாலேயே இறந்தார், அந்த நஞ்சு குற்றம் சாட்டப்பட்டவர் கையில் இருந்தது, அதைக் கொடுக்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. இந்த நான்கில் ஆய்வகம் நேரடியாகப் பதில் சொல்லக்கூடியது இரண்டாவது ஒன்றுக்குத்தான். சிகிச்சைக்கும் அது பிந்தியே வருகிறது. சுருங்கிய கண்பாவை, வடியும் எச்சில், திணறும் மூச்சு ஆகியவற்றைப் பார்த்து அட்ரோபின் என்ற முறிமருந்தைக் கொடுக்கும் மருத்துவர் ஆய்வக அறிக்கைக்காகக் காத்திருக்க முடியாது. அறிக்கை வரும்போது நோயாளி பிழைத்திருப்பார் அல்லது போயிருப்பார்.

சாரணில் இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஆய்வகம் கண்டுபிடித்தது புதிய செய்தி அல்ல. மோனோகுரோட்டோபாஸ் இந்தியாவில் விளைவிக்கும் கேட்டை உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே தனி அறிக்கையாகத் தொகுத்திருந்தது. இலங்கை இதை 1995-இலேயே தடை செய்திருந்தது. குழந்தைகள் இறந்த அன்று அந்த நஞ்சைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்தே இருந்தது.

இலங்கையின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1950-லிருந்து அங்கே தற்கொலை விகிதம் எட்டு மடங்கு ஏறி, 1995-இல் லட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. அதில் பெரும்பங்கு வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தால் வந்தது. கொடிய மருந்துகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. 2005-க்குள் விகிதம் பாதியானது. 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 19,769 தற்கொலைகள் குறைந்தன. பலரின் முயற்சி சில நிமிட ஆவேசம். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது குறைந்த நஞ்சுடையதாக இருந்தால் ஆள் மருத்துவமனை வந்து சேர்கிறார். பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை.

இதற்கு வரும் மறுப்புகளை ஒதுக்கிவிட முடியாது. விகிதம் வேறு காரணத்தால் குறைந்திருக்கலாமே? வேலையின்மை, மது, மணமுறிவு, போர் நடந்த ஆண்டுகள் ஆகியவற்றை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். சரிவுக்கும் இவற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை. விளைச்சல் படுத்திருக்குமே? நெல்லிலும் காய்கறியிலும் தடைகளை ஒட்டி வீழ்ச்சி எதுவும் தென்படவில்லை. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று வருமே? வந்தது. 1995 தடைக்குப் பின் விவசாயிகள் எண்டோசல்பான் என்ற மற்றொரு பூச்சிமருந்துக்கு மாறினார்கள். 1994-இல் ஒன்றாக இருந்த எண்டோசல்பான் சாவு 1998-இல் 50 ஆனது. அந்த ஆண்டே அதையும் தடுத்தார்கள். அடுத்த மூன்றாண்டில் சாவு மூன்றாக இறங்கியது. இந்த மறுப்பு திட்டத்தைச் சாய்க்கவில்லை. கண்காணிப்பு இல்லாத தடை பாதி வேலைதான் என்பதை மட்டும் காட்டியது.

மற்றொரு மறுப்பு கனமானது. தடை என்பதே நல்லதாகிவிடுமா? அதே இலங்கை பதில் சொல்கிறது. சிறுநீரக நோய் அச்சத்தில் 2015-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடுத்தார்கள். காரணத் தொடர்பு நிறுவப்படாத அந்தத் தடை 2018-இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்ந்தது. 2021-இல் ரசாயன உரம், வேளாண் ரசாயனம் அனைத்தின் இறக்குமதியையும் ஒரேயடியாக நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். 1995-இல் வென்றது ‘ரசாயனம் கெட்டது’ என்ற பொது வெறுப்பு அல்ல. எந்த மருந்து மிகக் கொடியது, எது குறைந்த நஞ்சுடையது என்று பிரித்துப் பார்த்த கணக்குதான். அளவும் வேறுபாடும் பார்க்காத தடையில் நச்சியல் இல்லை.

இந்தியா என்ன செய்தது? 2005-இல் காய்கறிகளுக்கு மட்டும் மோனோகுரோட்டோபாஸைத் தடுத்தது. காய்கறிக்கு ஆகாது என்ற மருந்து பருத்திக்கு என்று கடையில் தொடர்ந்து விற்றது. டப்பாவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பரவலாக விற்ற 36 சதவீதக் கரைசலுக்கு 2023-இல்தான் தடை வந்தது, அதுவும் இருப்புச் சரக்கை விற்க அவகாசத்தோடு. மாநில அரசு தானாக நிறுத்தலாம் என்றால் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் அதற்குத் தருவது 60 நாள், நீட்டித்தால் மேலும் 30.

இனித் தீர்ப்புக்கு வருவோம். தடயவியலையும் பொதுச் சுகாதாரத்தையும் எதிரெதிராக நிறுத்துவது தவறு. எண்டோசல்பான் சாவு ஒன்றிலிருந்து 50 ஆனதை யாரோ பதிந்து எண்ணியதால்தான் இலங்கைக்குத் தெரிந்தது. ஒவ்வொரு உடற்கூறாய்வு முடிவும் அந்தக் கணக்கில் ஒரு வரி. ஆனால் எது பெரியது என்று கேட்டால் என் விடை தயக்கமில்லாதது. ஒரு சாவுக்குக் காரணம் சொல்லும் நச்சியலைவிட, அடுத்த சாவை நிறுத்தும் நச்சியலே பெரியது. நம் ஊரில் ஆய்வக அறிக்கை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறது. பூச்சிமருந்துக்கு அனுமதி தரும் மேசைக்கும் அது கட்டாயமாகப் போக வேண்டும், ஆண்டுதோறும் தொகுக்கப்பட வேண்டும், அந்தத் தொகுப்பு மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

கொழும்பு தடுத்தது 1995-இல், டெல்லி தடுத்தது 2023-இல். இடையில் 28 ஆண்டுகள். அந்த 28 ஆண்டுகளில் மோனோகுரோட்டோபாஸின் வேதியியல் கொஞ்சமும் மாறவில்லை.