ஐதிஹ்யமும் ஆய்வுச் சான்றும்

உடையவருக்கும் திருவாய்மொழிக்கும் உள்ள தொடர்பை ஆய்வுக்கட்டுரைக்குப் பொருளாகக் கொள்ளும் பல்கலைக்கழக மாணவர் சிலர் இரு சாராராகப் பிரிந்து நிற்கக் காண்கிறோம். ஒரு சாரார், ஈடு முப்பத்தாறாயிரப்படியில் வரும் ஐதிஹ்யங்களை அப்படியே அவருடைய வாழ்க்கை வரலாறாக எழுதிவிடுகின்றனர். மற்றொரு சாரார், அவருடைய வடமொழி நூல்களில் ஆழ்வார் பாசுரம் மேற்கோளாக வராமையைக் காட்டி, அவ்வைதிஹ்யங்களைப் பிற்காலப் புனைவென்று ஒதுக்குகின்றனர். முடிவுகள் வேறாயினும் பிழை ஒன்றே. எந்த நூல் எந்த வினாவுக்குச் சான்றாகும் என்பதை இரு சாராரும் ஆராய்ந்திலர்.

நம்பிள்ளை காலக்ஷேபத்தில் அருளிச்செய்த பொருள்களை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு. உடையவரின் காலம் மரபுக் கணக்கில் 1017 முதல் 1137 வரை. நம்பிள்ளை 13ஆம் நூற்றாண்டினர். இடையே பட்டரும் நஞ்சீயரும் உளர். ஆகவே ஈட்டில் வரும் ஐதிஹ்யம், நம்பிள்ளை கோஷ்டியார் உடையவரை எவ்வாறு நினைந்தனர் என்பதற்கு நேர்ச்சான்று. உடையவரின் செயலுக்கோ செவிவழிச் சான்று. அவற்றுள்ளும் தரம் உண்டு. சொன்னவர் இன்னாரென்று குறிக்கப்படாத பரம்பரைச் செய்தியே ஐதிஹ்யம் என்பது நியாய பாஷ்யகாரரின் வரையறை. ஈட்டிலோ பட்டர், நஞ்சீயர் என்று சொன்னவர் பெயரோடு வருவனவும் பல. பெயரோடு வருவதையும் பெயரின்றி வருவதையும் ஒரே நிறையில் வைத்தல் தகாது.

ஸ்ரீபாஷ்யத்தின் மௌனமும் அவ்வாறே ஆராயத்தக்கது. ச்ருதி ஸ்ம்ருதிகளையே பொதுப் பிரமாணமாகக் கொண்ட பிற வேதாந்திகளோடு வாதிடும் நூல் அது. அங்குத் தமிழ்ப் பாசுரம் வராமை, ஆசிரியர் அதனை அறியாமைக்கோ மதியாமைக்கோ சான்றாகாது.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் சாட்சி திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி. திருவாய்மொழிக்கு இன்று கிடைக்கும் வியாக்கியானங்களுள் இதுவே முற்பட்டது. பிள்ளான் உடையவரின் நேர்ச்சீடர் என்பது ஸம்ப்ரதாயம். உடையவரின் வேதாந்தச் சொல்லாட்சி இதில் எங்ஙனம் பாசுரப் பொருளோடு இணைகிறது என்பதை ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் 1989இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மாணவர் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

மேலும் ஒன்று. பு. ரா. புருஷோத்தம நாயுடுவின் ஈட்டின் தமிழாக்கம் பொருளறிவதற்குப் பேருதவி. ஆயினும் மூலம் மணிப்ரவாளம். தமிழாக்கத்தின் சொற்கள் நாயுடுவினுடையவை. அவற்றைக் கொண்டு ஈட்டின் சொல்லாட்சியைப் பற்றி முடிவு கூறும் வாதம், மூலத்தை விரித்த அளவிலேயே சரிந்துவிடும்.

ஐதிஹ்யத்தை வரலாறென்று சாதிப்பவர் பூர்வாசாரியர்களின் வாக்கை எளிய மறுப்புக்கு இலக்காக்குகின்றனர். புனைவென்று தள்ளுபவர் ஒரு கோஷ்டியின் நினைவையே இழக்கின்றனர். சொன்னவர் யார், கேட்டவர் யார், எழுதியவர் யார் என்று வினவிய பின்னரே மேற்கோள் காட்டுதல் ஆய்வுக்கும் நலம், ஸம்ப்ரதாயத்துக்கும் நலம்.