தேறலும் அதன் தரமும்

தேறல் என்ற சொல் எல்லா மதுவையும் குறிப்பதன்று. கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பதையே அது குறிக்கும். யவனர் கலங்களில் வந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பதும், ஆம்போரா எனப்படும் இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டிலும், பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்திலும் அகழாய்வில் கிடைத்திருப்பதும், திராட்சை மது இக்கரைக்குப் புதியதன்று என்பதைக் காட்டுகின்றன. எனினும் அது இறக்குமதிச் சரக்கு. உயர்தரச் செந்நிற ஒயினுக்கான திராட்சையை இந்திய மண்ணில் விளைவிக்கும் முயற்சி அண்மைக்காலத்தது.

இத்துறையில் பிரான்சின் இரு மரபுகள் முதன்மையானவை. போர்தோவில் கபர்னே, மெர்லோ முதலிய பல இனங்களின் ஒயினை அளவறிந்து கலப்பர். 1855இல் வகுக்கப்பட்ட ஐந்து படிகள் அங்குப் பண்ணைக்குத் தரம் கொடுக்கின்றன. பர்கண்டியிலோ பினோ நுவார் என்ற ஓரினமே சிவப்புக்கு ஆதாரம். தரம் நிலத்துண்டைச் சேர்ந்தது. கன்வல் குரோவர் 1988இல் நந்திமலைப் பகுதியில் தொடங்கிய பண்ணை, போர்தோ வல்லுநர் மிஷேல் ரோலானின் ஆலோசனையுடன் கபர்னேயையும் சிராஸையும் கலந்து முதல் மரபின் வழி நின்றது. நாசிக்கில் ராஜீவ் சமந்த் நிறுவிய சுலா, சிராஸைத் தனியினமாகவும் வடித்துப் பெயர் பெற்றது.

இந்தியப் பண்ணைகளின் உண்மையான சாதனை கலவையில் இல்லை, கவாத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். தக்காணத்தில் அத்தகைய உறக்கம் இல்லாததால், கத்தியே பருவத்தை வகுக்க வேண்டியிருக்கிறது. அறுவடை முடிந்து கோடையில் ஒருமுறை அடியொட்டி வெட்டிப் புதுக்கிளைகளை வளர்த்து, மழை ஓயும் வேளையில் காய்ப்புக்காக மறுமுறை வெட்டினால், கனி குளிர்ந்த வறண்ட நாட்களில் நிதானமாகப் பழுத்து, தைக்குப் பின் பறிப்புக்கு வரும்.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையோ, பந்தலில் படர்ந்து ஆண்டு முழுதும் காய்த்து, தாம்பரம் பகுதிக் கடைகள் வரை வருகிறது. அதில் ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தால், உள்ளிருக்கும் சதை வெளிறியிருக்க, தோல் மட்டுமே விரலைக் கறையாக்கும். செந்நிற ஒயினின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்தே வருவதால், அதற்குப் பொதுவாகச் சிறிய, தடித்த தோலுடைய கனி ஏற்றது. மணமும் சாறும் நிறைந்த பன்னீர் திராட்சை உண்பதற்கே சிறந்தது. அது அக்கனிக்குக் குறையுமன்று.

பறித்த கனியைத் தோலுடன் நொதிக்க விடும்போது, ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக மாற்ற, எழும் வாயு தோல்களை மேலே தள்ளி ஆடையாகக் கட்டும். அதை நாள்தோறும் சாற்றில் அமிழ்த்தாவிட்டால் நிறமும் இறங்காது, புளித்தும் போகலாம். பிழிந்தெடுத்தபின், கூரிய மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும். பின்னர் பலமாதம் ஓக் மரப் பீப்பாயில் இருத்தி, கசடு தங்கத் தங்கத் தெளிவை மட்டும் வேறு கலத்துக்கு மாற்றுவர். தேறல் என்ற பெயர் முழுதும் பொருந்துவது இந்தக் கட்டத்தில்தான்.

சுவைப்பதற்கு முன் கோப்பையை வெள்ளைத் துணிமேல் சாய்த்துப் பார்ப்பர். விளிம்பு ஊதா சாயலாயின் இளையது, செங்கல் நிறமாயின் முதிர்ந்தது. மெல்லச் சுழற்றி முகர்ந்தபின் ஒரு வாய் பருகினால், ஈறு வறண்டு இறுகுவது டானின் எனும் துவர்ப்புப்பொருளின் வேலை. அறுசுவையில் துவர்ப்புக்கு இடம் தந்து, வாழைப்பூவிலும் கடுக்காயிலும் அதை அறிந்த தமிழ் நாவுக்கு இதைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. துவர்ப்பும் புளிப்பும் கனிச்சுவையும் ஒன்றையொன்று மிஞ்சாதிருப்பதும், விழுங்கியபின் சுவை நீடிப்பதுமே தரத்தின் அளவுகோல்.

செந்நிற ஒயினை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்ற விதி ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்கு உரியது. அதன் பொருள் ஏறத்தாழ 16 முதல் 18 பாகை செல்சியஸ். சென்னைக் கோடையில் அறையே 30 பாகையைத் தாண்டுவதால், சாராய நெடி முந்தி மணத்தை மறைத்துவிடும். இங்கே புட்டியைத் திறப்பதற்குமுன் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுப்பதே சரியான முறை.