அங்காடியில் கண்டெடுத்தவை: அருட்சகோதரி கோரிட்டாவின் அச்சோவியங்கள்

ஓவியரையும் வரைகலை வடிவமைப்பாளரையும் மக்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் கற்பனை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. மின்னல்போல் திடீரெனத் தோன்றியது என்பது ஒன்று. அப்படி எதுவும் தோன்றுவதில்லை, எல்லாம் கைப்பழக்கமே என்பது மற்றொன்று. முதல் விடை கலைஞனைப் பிறரினின்று பிரித்து மேடையில் ஏற்றுகிறது. இரண்டாம் விடை அவனை அச்சு இயந்திரத்தோடு சேர்த்துவிடுகிறது.

இறையியல் பயின்றோர்க்கு 'ஏவுதல்' என்னும் சொல் புதியதன்று. திருநூலை எழுதியோர் இறை ஏவுதல் பெற்றனர் எனத் திருச்சபை கற்பிக்கும்போது, அவர்கள் தம் அறிவையும் மொழியையும் இழந்து வெறும் எழுதுகோலாக இருந்தனர் என்று பொருள் கொள்வதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு இறைவெளிப்பாடு குறித்து வெளியிட்ட ஏடு, அவர்களை உண்மையான நூலாசிரியர்களாகவே ஏற்கிறது. விடுதலைப் பயண நூலில் வரும் பெட்சலேலும் அத்தகையவனே. இறைவனின் ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று அவன் போற்றப்படுகிறான்; ஆனால் அந்த ஆவி அவனுக்கு அளித்தது பொன்னையும் வெள்ளியையும் மரத்தையும் கையாளும் திறமையை. வானத்திலிருந்து வருவதும் கையால் உழைப்பதும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாக நிற்கவில்லை.

இந்த உண்மையை நம் காலத்திற்கு அண்மையில் வாழ்ந்து காட்டியவர் அமெரிக்க நாட்டின் அருட்சகோதரி கோரிட்டா கென்ட். 1918ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தில் பிறந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வளர்ந்து, 1936இல் மரியாவின் மாசற்ற இதயச் சபையில் சேர்ந்தார். அச்சபையினர் நடத்திய இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் ஓவியம் கற்பித்தார்; 1964 முதல் 1968 வரை அத்துறையின் தலைவராகவும் இருந்தார். நம் அச்சகங்களில் ஸ்கிரீன் பிரிண்டிங் என வழங்கும் திரை அச்சுமுறையே அவர் தேர்ந்த கலை. திருமண அழைப்பிதழுக்கும் துணிப்பைக்கும் பயன்படும் அந்த எளிய முறையில், நூற்றுக்கணக்கான அச்சோவியங்களைப் படைத்தார். ஒரு படத்திற்குப் பல பிரதிகள் கிடைக்கும், விலை குறையும், எளியோர் வீட்டிலும் அது தொங்கும். இதை அவர் குறையாக எண்ணவில்லை. அதற்காகவே அம்முறையைப் போற்றினார்.

அவருடைய தொடக்ககாலப் படைப்புகள் இன்றைய கண்ணுக்குச் சற்றே கனமானவை. கிறிஸ்துவும் மரியாவும் பைசாந்தியச் சாயலில், வண்ணத்தின்மேல் வண்ணமாக அடுக்கப்பட்டு நிற்பார்கள். அவற்றுள் ஒன்று 1952இல் கலிபோர்னியாவில் முதற்பரிசு பெற்றது. பக்தியும் தேர்ச்சியும் அவற்றில் உண்டு. ஆயினும், அவை பழைய திருவோவியங்களைப் பார்த்து எழுந்த ஓவியங்கள். கலையிலிருந்து பிறந்த கலை.

திருப்பம் நேர்ந்தது 1962இல். அவ்வாண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபெரஸ் கலைக்கூடத்தில் ஆண்டி வார்ஹால், கேம்பல் நிறுவனத்தின் சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாக வைத்திருந்தார். பலர் நகைத்தனர். கோரிட்டாவும் அவற்றைக் கண்டார். அதே ஆண்டில் அவர் ஆக்கிய அச்சோவியத்தின் பெயர் 'வொண்டர் பிரெட்'. அது அந்நாட்டுக் கடைகளில் விற்கும் ரொட்டி ஒன்றின் பெயர். அதன் சுற்றுத்தாளில் சிவப்பு, மஞ்சள், நீல வட்டங்கள் சிதறிக் கிடக்கும். கோரிட்டா அவ்வட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். பெயரில் உள்ள 'வியப்பு' என்னும் சொல்லும் 'அப்பம்' என்னும் சொல்லும் எஞ்சிய பணியைச் செய்தன. கூர்ந்து நோக்கும் கிறிஸ்தவக் கண்ணுக்கு அவ்வட்டங்கள் நற்கருணை அப்பங்களாகத் தெரிகின்றன. பிறருக்கு அவை மகிழ்ச்சி தரும் வண்ண வட்டங்களாகவே நிற்கின்றன. இரண்டுக்கும் அங்கே இடமுண்டு.

இதில் சுவையான செய்தி ஒன்று. அந்த ரொட்டியை 1921இல் அறிமுகப்படுத்தியபோது, இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த பலூன் போட்டியில் வானை நிறைத்த பலூன்களைக் கண்டே நிறுவனத்தார் அப்பெயரையும் வட்டங்களையும் அமைத்தனர் என்று சொல்லப்படுகிறது. வானத்துப் பலூன் ரொட்டித்தாளுக்கு வந்தது. ரொட்டித்தாளிலிருந்து ஒரு துறவியின் அச்சுத்திரைக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கு ஒரே ஊற்றைச் சுட்டிக்காட்ட இயலாமைக்கு இது நல்ல சான்று.

வார்ஹாலுக்கும் கோரிட்டாவுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே குறிப்பிட வேண்டும். வார்ஹால் டப்பாவைக் காட்டிவிட்டு மௌனமாக நிற்கிறார். புகழ்கிறாரா பழிக்கிறாரா என்பதை நாம் அறியோம். கோரிட்டாவோ அந்தத் தாளைப் படிக்கிறார். வணிகன் ஒரு பொருளில் எழுதியதை வேறொரு பொருளில் படித்துக் காட்டுகிறார். ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் பெரிய 'ஜி' எழுத்தை நன்மைக்கும் கடவுளுக்கும் உரியதாக மாற்றிய 1964ஆம் ஆண்டுப் படைப்பும் இவ்வகையினதே.

இத்தகைய பார்வை அவருக்குத் தற்செயலாக வாய்த்ததன்று என்பதை அவருடைய வகுப்பறை காட்டுகிறது. மாணவியர் ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் சிறு நீள்சதுரத் துளை வெட்டிக் கையில் வைத்திருக்க வேண்டும். புகைப்பட ஸ்லைடின் வெற்றுச் சட்டமும் போதும். அதனோடு அவர்களைத் தெருவிற்கும் அங்காடிக்கும் அழைத்துச் செல்வார். துளையின் வழியே பார்த்தால் கடை முழுவதும் தெரியாது. ஒரு பெயர்ப்பலகையின் பாதி எழுத்து தெரியும். அடுக்கிய பழங்களின் ஒரு விளிம்பு தெரியும். பெயர் மறைந்து வடிவம் மிஞ்சும். 'இது கடை' என்று மனம் முடிவு கட்டிவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. துளையிட்ட அட்டை அந்த அவசர முடிவைத் தள்ளிப்போடுகிறது. கருவி இவ்வளவே.

அடுத்தது எண்ணிக்கை. ஒரே பணியை மிகப் பலமுறை செய்யுமாறு அவர் மாணவியரைப் பணிப்பது வழக்கம். முதலில் வருபவை எல்லோருக்கும் வரும் கருத்துகள். அவை தீர்ந்து, சலிப்பும் கடந்த பின்னரே தனக்கென ஒன்று பிறக்கும். 1960களின் பிற்பகுதியில் அவர் தம் மாணவியரோடு உருவாக்கிய பத்து விதிகள் இன்றும் கலைப்பள்ளிகளின் சுவர்களில் காணப்படுகின்றன; இசைமேதை ஜான் கேஜ் அவற்றை இயற்றியதாகப் பலர் தவறாகக் கருதுகின்றனர். அவற்றின் சாரம், உழைப்பே வழிகாட்டும் என்பதும், ஆக்குவதையும் அலசுவதையும் ஒரே வேளையில் செய்யலாகாது என்பதுமாகும். அவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. கற்பித்தல் ஆண்டு முழுவதையும் விழுங்கியதால், கோடை விடுமுறையின் சில வாரங்களில்தான் அவர் தம் அச்சோவியங்களைப் பெரும்பாலும் ஆக்கினார். ஏவுதல் வரும்வரை காத்திருக்க அவருக்கு நேரமில்லை.

விளம்பரத்தை அவர் அப்படியே படியெடுத்தாரில்லை. இதழிலிருந்து பக்கத்தைக் கிழித்து, கசக்கி, வளைத்து, அதைப் புகைப்படம் எடுத்து, நெளிந்த எழுத்துகளிலிருந்து அச்சுத்திரைக்கான வடிவத்தை வெட்டினார். அதனால் எழுத்துகள் அலைபோல் எழுந்தும் மடிந்தும் நிற்கின்றன. படிப்பவர் ஒரு கணம் தடுமாறி, பிறகே சொல்லைக் கண்டுகொள்கிறார். விளம்பரத்தின் நோக்கம் தயக்கமின்றி விழுங்க வைப்பது. கோரிட்டாவின் நெளிந்த எழுத்து அத்தயக்கத்தைத் திரும்பக் கொணர்கிறது.

ஆயினும் அவருடைய எல்லாக் கண்டெடுப்புகளும் ஒரே தரத்தன அல்ல. மிகுதியும் பேசப்பட்ட 1964ஆம் ஆண்டின் தக்காளி ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். தக்காளிகளுள் சாறு மிக்கது எது என்னும் விளம்பரப் பேச்சை அவர் அன்னை மரியாவுக்கு உரியதாக்கினார். அந்நாட்டுத் தெருவழக்கில் அச்சொல் கவர்ச்சியான பெண்ணையும் குறிக்கும். பலர் மனம் புண்பட்டதில் வியப்பில்லை. அவர் சார்பாக ஒன்று சொல்லலாம். மரியாவின் மன்றாட்டுமாலை அவரை ரோசா மலர் என்கிறது. தந்தக் கோபுரம் என்கிறது. விடியற்கால விண்மீன் என்கிறது. அவையும் ஒரு காலத்து மக்கள் கண்முன் கண்ட அழகிய பொருள்களே. தோட்டத்து மலர் தகுமாயின் தோட்டத்துத் தக்காளி ஏன் தகாது? வாதம் வலுவானது. ஆனால் ஓவியம் அவ்வளவு வலுவானதன்று. 'வொண்டர் பிரெட்' விளக்கமின்றி நிற்கிறது. தக்காளி ஓவியமோ தன்னுள் சிறு கையெழுத்தில் எழுதப்பட்ட நீண்ட விளக்கத்தின் துணையால் நிற்கிறது. அதிர்ச்சி முதலில் வந்து, அழகு பின்னால் ஓடி வருகிறது.

வணிகனின் சொல்லைக் கடன் வாங்குவோர் அறியாமலே அவனுக்கு விளம்பரம் செய்கின்றனர் என்னும் குற்றச்சாட்டையும் எளிதில் தள்ள இயலாது. அதற்கு அவருடைய சிறந்த விடை 'என் மக்கள்' என்னும் 1965ஆம் ஆண்டுப் படைப்பு. அவ்வாண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களின் கொந்தளிப்பு வெடித்தது. 34 பேர் மாண்டனர். கோரிட்டா அந்நாள்களின் செய்தித்தாள் முதற்பக்கத்தையே அச்சோவியத்தில் வைத்தார். ரொட்டித்தாளைப் பார்த்த அதே கண் இங்கே குருதியைப் பார்க்கிறது. அங்காடியில் வியப்பைக் கண்டவர் தெருவில் துயரத்தைக் காணாதிருந்தால், அவருடைய வியப்பு வெறும் விளையாட்டாகவே முடிந்திருக்கும். அவர் படைப்புகளுள் இதையே நான் உச்சியில் வைப்பேன்.

திருச்சபை அதிகாரத்தோடு அவருக்கும் அவர் சபைக்கும் எழுந்த பிணக்கு வரலாறு அறிந்தது. கர்தினால் மெக்கின்டயர் தலைமையிலான பெருமறைமாவட்டம் அச்சகோதரியரின் புதுமைகளை ஐயத்தோடு நோக்கியது. 1968இல் கோரிட்டா துறவறத்தை விட்டு பாஸ்டன் நகருக்குச் சென்றார். 1970இல் அச்சபையின் பெரும்பாலான சகோதரியர் துறவற வாக்குகளினின்று விடுபட்டுத் தனிக் குழுமமாயினர். அங்காடியையும் உவமைகளையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரை நாம் இழந்தோம். புளித்த மாவையும் காணாமற்போன காசையும் மீன் வலையையும் கொண்டு இறையாட்சியைப் பேசிய ஆண்டவரின் சபைக்கு இது சிறிய இழப்பன்று.

பாஸ்டன் காலத்தில் கோரிட்டா புகழின் உச்சிக்குச் சென்றார். 1971இல் அந்நகரின் எரிவாயுக் கலம் ஒன்றின்மேல் அவர் வடிவமைத்த வானவில் தீட்டப்பட்டது; அக்கலம் 1992இல் அகற்றப்பட்டபோது அருகிலிருந்த கலத்தில் அது மீண்டும் தீட்டப்பட்டது. 1985இல் அவர் வடிவமைத்த 'அன்பு' அஞ்சல்தலை 70 கோடிக்கும் மேல் விற்றது. ஆனால் ஒரு திறனாய்வாளன் விற்பனைக்கணக்கைப் பார்த்து எழுதலாகாது. அந்த அஞ்சல்தலையில் சில வண்ணத் தீற்றல்களும் ஒரு சொல்லும் உள்ளன. இனிமை உண்டு, எதிர்ப்பு இல்லை. முன்பு வெளியுலகின் முரட்டுப் பொருளோடு அவர் கை மல்லுக்கட்டியது. இப்போது கை தன் உள்ளத்திலிருந்தே எடுக்கிறது, உள்ளமோ களைத்திருக்கிறது. தூரிகையும் நீர்வண்ணமும் எளிதில் இணங்குகின்றன; செய்தித்தாளும் சுற்றுத்தாளும் இணங்கியதில்லை. அவருக்கும் இது தெரிந்திருக்கலாம். ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் அந்த அஞ்சல்தலை வெளியிடப்பட்டபோது அவர் செல்லவில்லை. அன்பு கடின உழைப்பு என்னும் பொருளில் மற்றோர் ஓவியத்தை ஆக்கினார். அடுத்த ஆண்டு, 1986இல், புற்றுநோயால் காலமானார்.

இன்றைய இளம் வடிவமைப்பாளர் கற்பனை வறண்டால் கைபேசியைத் திறக்கிறார். அதுவும் ஒரு நீள்சதுரமே. ஆனால் அதனுள் தெரிபவை பிறர் பார்த்து, பிறர் வெட்டி, பிறர் முடித்து வைத்தவை. முடிந்த படைப்பைப் பார்த்துப் பிறக்கும் படைப்பு, கோரிட்டாவின் தொடக்ககால ஓவியங்களைப் போலத் தேர்ச்சியோடு இருக்கலாம். அதற்குமேல் செல்வது அரிது. அட்டைத்துளையை எங்கே பிடிப்பது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில்தான் கலைஞனின் பணி தொடங்குகிறது.

பழைய அழைப்பிதழ் அட்டை ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதில் விரல்நீளத் துளை ஒன்றை வெட்டி, நாள்தோறும் கடந்துசெல்லும் தெருவை அதன் வழியே ஒருமுறை பார்த்து வரலாம். வரையத் தெரியாதவர்க்கும் இப்பயிற்சி உரியது. செபிக்கத் தெரிந்தவர்க்கு இன்னும் மிகுதியாக உரியது.